இடது கைப் பக்கம் அம்மன்

எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரோடு போடும் ஆபீஸ் ஒன்றில் நான் படம் வரையும் வேலையில் இருந்தேன். ராஜபாளையத்தில் வீடு, தினமும் பஸ். எனக்கு வந்ததெல்லாம் சில்லறை வேலைகள்: ஓடைக்குக் குறுக்கே ஒரு கல்வெர்ட், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை, மழையில் கரைந்துபோன ரோட்டோரம். என் கை நன்றாக ஓடும் என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டத்தான் இடம் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் ஆபீஸில் எல்லோரிடமும் சிடுசிடுவென்றுதான் இருப்பேன்.

ஒருநாள் பெரிய இன்ஜினியர் சார் தடியான வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த ஒரு படம். இரண்டு பெரிய ரோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்கின்றன. நான்கு மூலைகளிலும் நான்கு வளையங்கள், இலைகள் மாதிரி. போலீஸ்காரர் இல்லை, சிக்னல் இல்லை, ஒரு வண்டிகூட நிற்கவில்லை. அத்தனையும் ஓடிக்கொண்டே ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போகின்றன. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மனுஷன் கையால் இப்படி ஒன்றைப் போட முடியுமா என்று இருந்தது.

"இது மாதிரி ஒண்ணு நமக்குக் கேட்டிருக்காங்கம்மா. ராஜபாளையத்துக்குத் தெக்க. நீதான் வரையப் போற" என்றார் சார்.

ராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசி ரோட்டில் செட்டியார்பட்டிப் பக்கம் போகும்போது ஒரு நாலுமுக்கு உண்டு. கேரளாவுக்குப் போகிற லாரிகள், பேல் பேலாகப் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரிகள், மலையடிவாரத்திலிருந்து மாங்காய் கொண்டுவரும் மாட்டு வண்டிகள், மில் ஷிஃப்ட் விட்டால் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும் சைக்கிள்கள், எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்ளும். ஊருக்கு வெளியே ஒரு புதிய சுற்று ரோடு போட்டு, அதையும் அதே இடத்தில் கொண்டுவந்து சேர்க்கப் போகிறார்கள். சேர்க்கிற இடத்துக்குப் படம் வேண்டும். இருக்கிற ரோடு எதையும் மூடக் கூடாது, எந்த ரோட்டிலிருந்தும் எந்த ரோட்டுக்கும் வண்டி நிற்காமல் போக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குழி மூடியே காலம் கழித்தவர் சார். அவர் முகம் அன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி இருந்தது.

அந்த இலை வளையத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. நம் ஊரில் வண்டி இடது ஓரம் போகிறது. இடது பக்கம் திரும்புகிறவனுக்குத் தொல்லை இல்லை. வலது பக்கம் திரும்புகிறவன்தான் எதிரே வருகிறவனுக்குக் குறுக்கே பாய வேண்டும். இந்த ஏற்பாட்டில் அவன் பாய வேண்டியதில்லை. பாலத்தை நேராகக் கடந்து, இடது பக்கம் ஒடித்து, இலை வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினால் அவன் போக நினைத்த வலது பக்க ரோட்டில் வந்து நிற்பான். வலது பக்கம் போக இடது பக்கம் சுற்ற வேண்டும். இதை முதலில் கண்டுபிடித்தவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம் என்று தோன்றியது.

அளவெடுத்த வரைபடத்தின்மேல், அடியில் இருப்பது தெரிகிற பட்டர் பேப்பரை விரித்து, வளைவு அட்டைகளை வைத்து இலைகளைப் போட ஆரம்பித்தேன். மூன்று இலைகள் புஞ்சையிலும் புறம்போக்கிலும் விழுந்தன. நாலாவது இலை விழுந்த இடத்தில் ஒரு அம்மன் கோவில். பெரிய கோவில் இல்லை. வேப்ப மரமும் அதன் அடியில் ஒரு சின்ன கட்டடமும். ஆனால் அதைத் தாண்டிப் போகிற லாரி எதுவும் வேகத்தைக் குறைக்காமல் போகாது. கிளீனர் பையன் காசு போடாமல் போகமாட்டான்.

"கோயில இலைக்கு நடுவுல வச்சிருவோம். செங்கல் ஒண்ணு அசையாது. ரோடு அம்மனச் சுத்திப் போகும். எவனும் கொடி பிடிக்க முடியாது" என்றார் சார். அவருக்கே தன் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கோவிலைச் சுற்றி வளைவை ஓட்டினேன். பேனா போய் ஒரு தெருவுக்குள் நுழைந்தது. கோவிலுக்குப் பின்னால் இருக்கிற தெரு. அதில் நடுவாக இருக்கிற ஓட்டு வீடு என் அக்காவுடையது.

அக்காவும் அத்தானும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். கல்யாணமான நாள் முதல் வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் பி.எஃப். லோன் போட்டு அந்த வீட்டைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பால் காய்ச்சின அன்றைக்கு அவள் ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட கோடு அவள் அடுப்படிக்கு மேல் போனது. பேனாவை வைத்துவிட்டு சாரிடம் நேராகவே சொன்னேன்.

"சார், இதுக்குள்ள எங்க அக்கா வீடு இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த வளைவப் போட்டாலும் யாரோட வீட்டு மேலயாவது விழத்தான்மா செய்யும்" என்றவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சுருக்கிப் பாரு. பேல் லாரி திரும்பிச்சுன்னா சரி. திரும்பலைன்னா ஒன்னும் செய்ய முடியாது" என்றார்.

அதற்குள் அளவெடுக்கப் போனவர்கள் தெருவில் வீடு வீடாக நம்பர் எழுதிவிட்டு வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"ஏட்டி, செவத்துல செவப்புல நம்பர் எழுதிட்டுப் போயிருக்கான். என்னடான்னு கேட்டா, ஒந் தங்கச்சியப் போயிக் கேளுங்கான்."

"சின்னதாப் போட முடியுமான்னு பாத்துக்கிட்டிருக்கோம்க்கா."

"எம்புட்டு பொட்டக்காடு கெடக்கு. ஒனக்குக் கோடு போட என் வீடுதான் ஆப்டுச்சா?"

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல் இல்லை, அந்த இலைமேல். இத்தனை அழகான ஒன்று இத்தனை இரக்கமில்லாமல் இருக்கிறதே என்று.

வளைவைச் சுருக்கினால் பேல் லாரி சாயுமா சாயாதா என்பது காகிதத்தில் தீராத கேள்வி. லாரிக் கூரைக்கும் மேலே பஞ்சுப் பேல் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள்? சார்தான் அந்த யோசனையைச் சொன்னார். சித்திரை வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்புப் போகிற பக்கம் ஒரு கண்மாய் வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. தரை கல்லு மாதிரி இருந்தது. அங்கே சுண்ணாம்புத் தூளால், சுருக்கிய இலையை ரோட்டில் வரப்போகிற நிஜ அளவுக்குப் போட்டு, வண்டிகளை ஓட்டிப் பார்த்துவிடுவது.

காலையிலேயே போய் முளை அடித்துக் கயிறு பிடித்தோம். ரோடு போடும் ஆட்கள் சாக்கில் சுண்ணாம்பை நிரப்பித் தட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். என் மேஜையில் உள்ளங்கை அகலம் இருந்த இலையை, தரையில் ஒருமுறை சுற்றி வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பாலம் வரவேண்டிய இடத்துக்கு இரண்டு கோடு, வளையத்துக்கு இரண்டு கோடு, வந்து சேரும் ரோடுகளுக்குக் கோடுகள். எல்லாம் முடிந்ததும் கண்மாய்க் கரைமேல் ஏறிப் பார்த்தேன். பின்னால் மலை, முன்னால் வெள்ளை வெளேரென்று நான் போட்ட வளைவு. அக்கா வீட்டை ஒரு நிமிஷம் மறந்தேபோனேன்.

கோவில் இருக்கிற இடத்தைக் காட்டுவதற்காக வளையத்துக்குள் ஒரு செங்கலை நட்டு வைத்திருந்தோம். அது தூரத்திலிருந்து தெரியவில்லை. ஜீப் டிரைவர் அண்ணாச்சி கரையில் நின்ற வேம்பில் ஒரு கொத்து ஒடித்து, செங்கல்மேல் செருகிவிட்டு வந்தார். "இப்பத் தெரியும்" என்றார்.

முதலில் வெறும் ஜீப். பாலத்துக் கோட்டில் நேராகப் போய், இடது பக்கம் ஒடித்து, வளையத்தில் சுற்றி வர வேண்டும். சார் சொல்லிக் கொடுத்தார். அண்ணாச்சி தலையாட்டினார். ஜீப் நேராகப் போயிற்று, பிரிகிற இடத்தில் தயங்கிற்று, கோட்டைத் தாண்டி வளையத்தின் மறுமுனை வழியாக நுழைந்து செங்கலை வலம் சுற்றி வந்து நின்றது.

"ஏன்யா தலைகீழா வார? இடது பக்கம்னு சொன்னேன்ல" என்றார் சார்.

"ஆமா சார். மறந்திட்டேன்" என்றார் அண்ணாச்சி.

அடுத்தது பேல் லாரி. மில்லில் கேட்டு வாங்கிய வண்டி. லாரிக்காரருக்கு இரண்டு தடவை சொன்னோம். அவரும் பிரிகிற இடம் வரை ஒழுங்காகப் போய், அங்கே தயங்கி, அதே மாதிரி மறுமுனைக்குப் போய் வலமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு டிராக்டர். அதுவும் அப்படித்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த ஒருவரைச் சைக்கிளில் சுற்றச் சொல்லிப் பார்த்தோம். எந்தப் பக்கம் என்று யாருமே சொல்லாமல் அவரும் வலமாகத்தான் சுற்றினார்.

சாருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒரு பயலுக்கும் இடது வலது தெரியாதா? எதுக்குய்யா எல்லாரும் எதுத்தாப்புல வாரீய?"

லாரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "சார் சொன்ன மாதிரிப் போனா அம்மன் இடது கைப் பக்கம் வருது சார். அப்படிச் சுத்துனா நல்லாருக்காது. எழவு வீட்டுலதான் அப்படிச் சுத்துவாக."

"அது செங்கல்யா."

"வேப்பங்கொத்து வச்சாச்சே சார்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை; பொசுக்கென்று கோபம்தான் வந்தது. அக்கா வீடு நிற்குமா போகுமா என்று இந்தச் சோதனையில்தான் தெரிய வேண்டும், இவர்கள் ஒரு கொத்து வேப்பிலைக்குப் பயந்து பொழுதைக் கழிக்கிறார்கள். விறுவிறுவென்று நடந்துபோய் அந்தக் கொத்தைப் பிடுங்கக் குனிந்தேன். யாரோ அதற்குள் செங்கல்மேல் கொஞ்சம் குங்குமமும் வைத்திருந்தார்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. வெறுங்கையோடு திரும்பினேன். படிப்பாவது மண்ணாவது.

"தள்ளுங்கய்யா" என்று சார் ஜீப்பில் ஏறினார். அவரே ஓட்டிக் காட்டப் போகிறார். நேராகப் போனார். பிரிகிற இடத்தில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, வெயிலில் நடந்தே எங்களிடம் வந்தார்.

"எனக்கும் வரலம்மா" என்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் கரைமேல் உட்கார்ந்துவிட்டோம். கூலியும் டீசலும் கொடுத்துக் கூட்டி வந்தவர்களை நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. அண்ணாச்சி மறுபடி எடுத்த ஜீப், லாரி, டிராக்டர், இரண்டு மூன்று சைக்கிள் எல்லாம் அதுபாட்டுக்கு அந்த வளையத்துக்குள் நுழைந்து, வலமாகச் சுற்றி, வேண்டிய கோட்டில் வெளியேறி, மறுபடி வந்துகொண்டிருந்தன. கீழே இருந்து பார்த்தபோது குழப்பமாக இருந்தது. கரையிலிருந்து பார்த்தால் அப்படி இல்லை. உள்ளே சுற்றுகிறவனுக்காக வெளியே வருகிறவன் கொஞ்சம் நிதானிக்கிறான். அவன் போனதும் இவன் நுழைகிறான். யாரும் யாருக்கும் குறுக்கே பாயவில்லை. நின்று கிளம்புகிற வண்டியே இல்லை. அந்தப் புத்தகத்தின் ஆகாயப் படத்தில் பார்த்தது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது, வேறு உருவத்தில்.

எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோமோ தெரியாது. சாமி கும்பிடப் போன இடத்தில்கூட நான் அப்படி என்னை மறந்து பார்த்ததில்லை.

"ஏம்மா, இது ரவுண்டானால்ல?" என்றார் சார் மெதுவாக.

ரவுண்டானாவைப் பற்றி இரண்டு பேருமே படித்ததுதான். இவ்வளவு பெரிய வேலைக்கு அது போதாது என்று புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே புரட்டாமல் தாண்டியிருந்தோம். இடது ஓரம் வண்டி ஓடுகிற நாட்டில் ரவுண்டானா வலமாகத்தான் சுற்றும். நடுவில் இருப்பது எல்லோருக்கும் வலது கைப் பக்கம்தான் வரும்.

மறுநாள் பழைய பட்டர் பேப்பரைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் புதிதாக விரித்தேன். நேராகப் போகிற வண்டிகளுக்கு மேலே பாலம். திரும்புகிறவை எல்லாம் கீழே ஒரே வட்டத்தில். அந்த வட்டத்துக்குள் கோவிலும் வேப்ப மரமும் இருக்க வேண்டும். ஆனால் பாலம் அம்மன் தலைக்கு மேல் போகக் கூடாது. பாலத்தை ஒதுக்கினால் தென்காசி ரோடு சரியாக வந்து சேரவில்லை. அதைச் சரி செய்தால் மில் ரோடு செங்குத்தாக முட்டியது. ஒன்றை நகர்த்தினால் நான்கு நகர்ந்தது. வட்டத்தைக் கோழிமுட்டை மாதிரி லேசாக நீட்டினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எத்தனையோ நாள் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன்.

ஒரு மத்தியானம், கோவில் வாசலை அடையாளமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு ரோட்டையும் நீட்டிப் பார்த்தேன். தென்காசி ரோடு, மில் ரோடு, மலையிலிருந்து வரும் வண்டிப்பாதை எல்லாம் வட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு நுழைந்தன. நான் ஒன்றையும் வளைக்க வேண்டியிருக்கவில்லை. ரோடுகளுக்கு நடுவே கோவில் இடைஞ்சலாக உட்கார்ந்திருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் காலத்தில் மாட்டு வண்டிகள் அந்த வேப்ப மரத்தைக் குறிவைத்துத்தான் வந்திருக்கின்றன. ரோடுகள் எல்லாம் அந்தத் தடத்தின்மேல் போட்டவை. இத்தனை நாள் நான் ஏதோ புதிதாகப் போடுகிறேன் என்று நினைத்திருந்தேனே.

வட்டத்தின் வெளி விளிம்பைக் கடைசியாகப் போட்டேன். பேல் லாரி சாயாமல் திரும்புகிற அகலத்தைக் கொடுத்துத்தான் போட்டேன். கோடு அக்கா தெருவின் முனையில் இருந்த டீக்கடைப் பந்தலை உரசிக்கொண்டு போயிற்று. தெருவுக்குள் நுழையவில்லை. சார் அளவுகோலை வைத்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, "போயி அக்காட்டச் சொல்லிட்டு வா" என்றார்.

போய்ச் சொன்னேன். அக்கா மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"மெட்ராஸ் ஆபீஸ்ல ஒத்துக்கிட்டானா?"

"இனிமேத்தான் அனுப்பணும்."

"அங்க ஒருத்தன் ஒக்காந்து பழசே நல்லாருக்குன்னு சொல்லிட்டான்னா? ரோட்டப் போட்டு முடிக்கட்டும். பொறவு நம்புதேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஃபைல் போன வேகமும் வந்த வேகமும் அப்படி. ஒரு தடவை, இலை வடிவத்தையே மறுபடி பரிசீலிக்கவும் என்று எழுதிக்கூட வந்தது. சார் பஸ் பிடித்துப் போய் வாதாடிவிட்டு வந்தார். அங்கே அம்மன் பேச்சையே எடுக்கவில்லை, நிலம் மிச்சமாகும் என்பதை மட்டும் சொன்னேன் என்றார். வருஷங்கள் போயின. சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆயிற்று. அக்கா வீட்டில் ஒரு சுவர் விரிசல் விட்டது. இடிக்கப் போகிற வீட்டுக்கு எதற்குச் சிமெண்ட் என்று அவள் பூசவே இல்லை. பிள்ளைகளுக்கு அலமாரி அடிக்க அத்தான் ஆசாரியைக் கூட்டி வந்தபோதும் திருப்பி அனுப்பிவிட்டாள். என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள். ஆனால் வீட்டைப் பற்றி மட்டும் பேசமாட்டாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருவழியாக வேலை ஆரம்பமானது. பாலத்துக்குப் பணம் இல்லை, பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார்கள். கீழே வட்டம் மட்டும் போட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, என் கோழிமுட்டை தரையில் எழும்பியபோது தினமும் ஆபீஸ் விட்டதும் இன்னொரு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

திறப்பு விழா என்று ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் குறுக்கே வைத்திருந்த தார் டின்களை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சாருக்குத் தகவல் சொல்லியிருந்தேன். பஸ் ஏறி வந்துவிட்டார். அக்கா தெரு முனையில் டீக்கடையை ஒட்டி இரண்டு பேரும் நின்றோம். முதலில் ஒன்றிரண்டு லாரிகள் தயங்கித் தயங்கிச் சுற்றின. பிறகு மில் சங்கு ஊதியது.

மில் ரோட்டிலிருந்து சைக்கிள்கள் வந்தன. பகல் ஷிஃப்ட் முடிந்த ஆண்களும் பெண்களும், தலையில் பஞ்சுத் துகளோடு. நான் அம்புக்குறி எல்லாம் வரைந்து கொடுத்திருந்தேன். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேப்ப மரத்தை வலது கைப் பக்கம் விட்டுக்கொண்டு கூட்டம் அப்படியே திரும்பியது. கேரளா லாரி நுழைந்தது, தென்காசி பஸ் நுழைந்தது. விசில் இல்லை, வசவு இல்லை. அத்தனை வருஷமாக முட்டிக்கொண்ட இடம் அது. சார் கையைக் கட்டிக்கொண்டு கோவிலில் நிற்பது போல் நின்றார்.

அக்கா வந்தாள். லேடீஸ் சைக்கிள், ஹாண்டில்பாரில் தூக்குச்சட்டி. அவள் முக்கால் வட்டம் சுற்றித் தன் தெருவுக்குள் திரும்ப வேண்டும். சுற்றி வந்தாள், தெரு வாயைத் தாண்டிப் போய்விட்டாள். வழி தெரியாமல் போய்விட்டாளோ என்று நினைத்தேன். மறுபடி வந்தாள். கோவிலுக்கு நேரே வந்ததும் ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுபடியும் தெருவைத் தாண்டினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பின்னால் வந்த அதே தெருப் பெண்களும் வெளியே திரும்பவில்லை. அவர்களைப் பார்த்து வேறு யார் யாரோவும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

மில்லிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வட்டத்தை விட்டு ஒருவரும் வெளியேறவில்லை. பஸ் நின்றது. லாரி நின்றது. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. நிற்காமல் ஓட வேண்டும் என்று நாங்கள் பாடுபட்டுப் போட்ட இடம் முதல் நாளே அடைத்துக்கொண்டது.

"ஏம்மா, ஒரு ஆளு ஒரு தடவைக்கு மேல சுத்தும்னு நாம கணக்குல எடுக்கலையே" என்றார் சார். குரலில் கவலையே இல்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மூன்றாவது சுற்று முடிந்து அக்கா எங்கள் பக்கம் திரும்பி, காலை ஊன்றி நிறுத்தினாள். வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்புட்டு பெருசாப் போட்டிருக்க. காலு வலிக்கு. செத்த சின்னதாப் போட்டிருக்கலாம்ல."

சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு தன் தெருவுக்குள், தன் வீட்டுக்குப் போனாள்.